டெமோ போனில் எல்லாம் திறக்கும்

மேசைமேல் வரிசையாக வைத்திருக்கிற அந்த டெமோ போன்களை இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம். நான் பேசி முடித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். பேசி முடித்த பிறகு எடுக்கவே பிடிக்கவில்லை என்றாலும் எனக்குச் சந்தோஷம்தான். பின்வரிசையில் நிற்கிற உங்கள் மேனேஜருக்கு முகம் சுருங்குவது இங்கிருந்தே தெரிகிறது. கூப்பிட்டது நீங்கள்தானே சார்? "ரிடையர் ஆன சீனியர், புதுப் பசங்களுக்கு ரெண்டு வார்த்தை உற்சாகமா பேசுங்க மேடம்" என்று வீடு தேடி வந்து சொன்னீர்கள். உற்சாகத்துக்கு நீங்கள் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது எஸ்.டி.டி. பூத் வழியாக. இதே திருத்தணியில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில். உங்களில் பாதிப் பேர் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு போன், தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஓடுகிற மீட்டர். மலைக்குக் காவடி எடுத்து வந்தவர்கள் ஊருக்குப் பேச வரிசையில் நிற்பார்கள். பேசுகிறவர் கண் மீட்டரிலேயே இருக்கும். "வெச்சிடு வெச்சிடு, ஓடுது" என்று பாதிப் பேச்சில் வைத்துவிடுவார்கள். வியாபாரத்தைக் கெடுக்கிறதே என்று அந்த மீட்டரை நான் திட்டாத நாள் இல்லை. ஆனால் அது ஒரு நாளும் யாரையும் ஏமாற்றவில்லை. எதற்குக் காசு, எப்போது ஆரம்பிக்கிறது, எப்போது நிற்கிறது என்று அத்தனையும் பேசுகிறவர் கண் முன்னால் ஓடியது.

பிறகு செல்போன் வந்தது. பூத்தை மூடி அதே இடத்தில் ரீசார்ஜ் கடை வைத்தேன். பொம்பளைகள் என்னிடம் வந்து போனைக் கொடுத்து, "அக்கா, இது இன்னாவோ கேக்குது பாரு" என்பார்கள். அதைப் பார்த்த கம்பெனிக்காரர்கள், கிராமம் கிராமமாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். கடையைத் தம்பி மனைவியிடம் விட்டுவிட்டு, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அக்காவாக இருந்தவள் மேடம் ஆனேன். பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

அப்போதுதான் அந்த இலவச நெட் திட்டம் வந்தது. போனில் ஒரு ரூபாய் இல்லாவிட்டாலும் நெட் வரும் என்று சொல்லச் சொன்னார்கள். வந்தது, அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாம் வராது. கம்பெனி பொறுக்கிக் கொடுத்த சில இடங்கள் மட்டும் வரும். எல்லாரும் போட்டோ போடுகிற ஒரு தளம், கிரிக்கெட் ஸ்கோர், மழை வருமா வராதா, வேலைவாய்ப்பு விளம்பரம், உடம்புக்குக் குறிப்புகள், இப்படி. அதைத் தாண்டி ஓர் அடி வைத்தால் ஒரு பக்கம் குறுக்கே வந்து நிற்கும். "இதற்குக் கட்டணம் உண்டு. தொடரலாமா?" என்று கேட்கும். கீழே இரண்டு பொத்தான்கள், ஓகே ஒன்று, கேன்சல் ஒன்று. எந்த இடம் உள்ளே, எந்த இடம் வெளியே என்று யார் முடிவு செய்தார்கள், எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு மேலே இருந்த மேனேஜரும் கேட்கவில்லை. சென்னையிலிருந்து வந்த பையன், கெட்டிக்காரன், வாய் நிறைய சிரிப்பு. பெயர் வேண்டாம். இன்றைக்கு எங்கேயோ பெரிய இடத்தில் இருக்கிறான்.

திட்டம் ஆரம்பித்த முதல் வாரமே, மலையடிவாரத்தில் பூ விற்கிறவர் ஒருவர் என் கடைக்கு முன்னால் வந்து நின்று கத்தினார். ஏதோ வீடியோவை அமுக்கியிருக்கிறார், குறுக்கே வந்த பக்கத்தில் ஓகே கொடுத்திருக்கிறார், அவசரத்துக்குப் போட்டு வைத்திருந்த பேலன்ஸ் முழுக்கப் போய்விட்டது. "ஃபிரீன்னு சொல்லிட்டு மொத்தத்தையும் முழுங்கிட்டியே, இன்னா பொம்பள நீ?" என்றார். பஸ் ஸ்டாண்டே வேடிக்கை பார்த்தது. எனக்கு அவமானம் தாங்கவில்லை. அன்றைக்கு உட்கார்ந்து யோசித்து ஒரு வாசகம் பிடித்தேன். "காசு கேட்டா கேன்சல்." அவ்வளவுதான். படிக்காதவர்களுக்கும் நிற்கும், சின்னப் பிள்ளைக்கும் நிற்கும். போகிற ஊரிலெல்லாம் நான் "காசு கேட்டா?" என்பேன், கூட்டம் "கேன்சல்!" என்று கத்தும். மேனேஜர் தொடையில் தட்டிக்கொண்டு, "மேடம், இதுக்கே உங்களுக்கு ஷீல்டு வாங்கித் தரேன்" என்றான். நோட்டீஸில் அச்சடித்தான். யாருடைய காசும் போகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் அதைச் சொல்லிக்கொடுத்தேன். அந்த நல்ல எண்ணம் செய்த வேலையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

அம்மையார்குப்பம் உங்களுக்குத் தெரியும். ஆர்.கே.பேட்டை பக்கம், வீட்டுக்கு வீடு தறி. விசைத்தறி ஓடுகிற ஊரில் கூட்டம் போடுவது லேசான வேலை இல்லை. பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே காதில் விழாது, தறியை நிறுத்திவிட்டு வரச் சொன்னால் யாரும் வர மாட்டார்கள். அதனால் நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள் இல்லையா, அந்த நாளில் போவோம். தறி நிற்கும், பெண்கள் சும்மா இருப்பார்கள், நம் குரல் கேட்கும். ஒரே சிக்கல், கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்த நிமிஷம் எல்லாரும் எழுந்து ஓடிவிடுவார்கள். அதற்குள் சிம் ஃபாரத்தில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். எங்களுக்கு அந்த ஊரில் நெருக்கடி என்றால் அதுதான்.

அன்றைக்கு ஒரு தறிக் கொட்டகையில், நின்றுபோன தறிகளுக்கு நடுவில் முப்பது நாற்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல கூட்டம். வானிலை காட்டினேன், வேலைவாய்ப்பு காட்டினேன், "காசு கேட்டா?" கேட்டேன், "கேன்சல்!" வந்தது. ஃபாரத்தைக் கையில் எடுத்த நேரத்தில் விளக்கு எரிந்தது. மூலையில் ஒரு தறி ஓட ஆரம்பித்தது, அப்புறம் இன்னொன்று. பெண்கள் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். பாதி ஃபாரம்கூட முடியவில்லை. மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சீக்கிரம் மேடம், சீக்கிரம்" என்றான்.

அந்த நேரத்தில்தான் லாவண்யா குறுக்கே வந்து நின்றாள். பத்தொன்பது வயது. ப்ளஸ் டூவில் சயின்ஸ் எடுத்து நல்ல மார்க். அப்புறம் ஒரு வருஷமாக அதே கொட்டகையில் நூல் சுற்றுகிறாள். அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். கையில் ஒரு காகிதத்தை மடித்து வைத்திருந்தாள்.

"அக்கா, ஒரே நிமிஷம்கா. சென்னையில ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரில லேப் டெக்னீஷியன் படிப்பு, ஹாஸ்டலோட ஃபிரீ சீட்டு. பரீட்ச எழுதிட்டேன். லிஸ்ட்டு அவங்க வெப்சைட்ல மட்டும்தான் போடுவாங்களாம், லெட்டர்லாம் வராதாம். வாரா வாரம் ஆர்.கே.பேட்டை நெட் சென்டருக்குப் போயி பாத்துக்கினு இருக்கேன். அது இதுல வருமா?"

பின்னாலிருந்து அவள் அப்பா குரல் கொடுத்தார். "இந்த ஒரு வாட்டிதாம்மா. சீட்டு வந்துதுன்னா போவட்டும், நான் தடுக்க மாட்டேன். வரலன்னா நகரியில இவ பாவா, மொறப்பையன் இருக்கான், நாலு தறி சொந்தமா ஓடுது. தை மாசம் முடிச்சிடுவேன்."

லாவண்யா அவர் பக்கம் திரும்பாமலேயே என்னிடம் சொன்னாள். "பாவா நல்லவன்தான்கா. ஆனா ஸ்கூல்ல ஒரு வாட்டி மைக்ராஸ்கோப்ல ரத்தம் காட்டுனாங்க. அன்னிக்கே நான் முடிவு பண்ணிட்டேன்."

நான் அந்தக் காகிதத்தை வாங்கி, அதிலிருந்த முகவரியை டெமோ போனில் அடித்தேன். பளிச்சென்று திறந்தது. ஆஸ்பத்திரிக் கட்டடம், பெயர், எல்லாம்.

"இதோ பாரு, வந்துச்சு."

"ஃபிரீயாவாக்கா?"

"ஆமாம்மா, ஃபிரீதான். இனிமே நெட் சென்டருக்கு அலையாத. உன் போன்லயே பாத்துக்க."

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்துப் பக்கத்தில் எழுந்து நின்றவர்களும் உட்கார்ந்தார்கள். மிச்ச ஃபாரம் எல்லாம் ஐந்து நிமிஷத்தில் கையெழுத்தானது.

டெமோ போன் சமாசாரம் உங்களுக்கு நாளைக்குச் சொல்லித்தருவார்கள், நான் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். டெமோ போனில் எப்போதும் முழு நெட் பேக் இருக்கும். கம்பெனி செலவு. ஜனங்களுக்கு முன்னால் காட்டும்போது எதுவும் தடுக்கி நிற்கக் கூடாது என்பதற்காக. அதனால் டெமோ போனில் எல்லாம் திறக்கும். வாங்குகிறவர் போனில் எது திறக்காதோ அதுவும் திறக்கும். அன்றைக்கு நான் "ஃபிரீதான்" என்று சொன்னபோது இது என் நினைவில் இருந்ததா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி அம்மையார்குப்பம் போனோம். இந்தத் தடவை போட்டோகிராபரோடு. ஊரில் இலவச நெட்டை நன்றாகப் பயன்படுத்துகிற ஒரு பெண்ணைப் படம் எடுத்து போர்டு வைக்க வேண்டும் என்று மேனேஜருக்கு உத்தரவு. நான்தான் லாவண்யா பெயரைச் சொன்னேன். நீலச் சுடிதார் போட்டுக்கொண்டு, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, கையில் போனோடு தறிக்கு முன்னால் நின்றாள். வெயில் இறங்குகிறது, வெளிச்சம் போய்விடும் என்று போட்டோகிராபர் பறந்துகொண்டிருந்தான்.

"லிஸ்ட்டு வந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"இன்னும் வரலக்கா. காலைல ஒரு வாட்டி, சாயந்திரம் ஒரு வாட்டி பாத்துடறேன். ஆஸ்பத்திரி பேர அடிச்சா அவங்க போட்டோ போடற பக்கம் வருது, லிஸ்ட்டும் அதுலதான் போடுவாங்க போல. டாக்டருங்க எல்லாம் நிக்கறாங்க, ரத்ததான முகாம்லாம் போட்டுக்கினே இருக்காங்க. அதுக்குக் கீழ ஒண்ணு இருக்குது, அத்த அமுக்கினா மட்டும் காசு கேக்குது. நான் கேன்சல் பண்ணிடறேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்தீங்களா சார், எவ்ளோ உஷாரு!" என்று மேனேஜரிடம் சொன்னேன். அவளைப் பார்த்து, "நல்ல பொண்ணு" என்றேன். மேனேஜர் கை தட்டினான். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள், போட்டோகிராபர் அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டான்.

அந்த 'ஒண்ணு'தான் பட்டியல். போட்டோ போடுகிற தளம் இலவசத்துக்குள்ளே இருந்தது, அதனால் டாக்டர்கள் தெரிந்தார்கள். பட்டியல் ஆஸ்பத்திரியின் சொந்த வெப்சைட்டில் இருந்தது, அது இலவசத்துக்கு வெளியே. அந்தப் பக்கத்தைத் திறக்க ஒரு டீ விலைகூட ஆகியிருக்காது. அவள் போனில் அந்தளவு பேலன்ஸ் இருந்தது. ஆனால் நான் டெமோவில் காட்டியபோது அந்த வெப்சைட் காசு கேட்கவில்லையே! அப்படியானால் காசு கேட்கிறது வேறு ஏதோ விளம்பரம், ஏமாற்று வேலை என்று அந்தப் பெண் எடுத்துக்கொண்டாள். நான் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு நாள் தவறாமல், இரண்டு வேளையும் கேன்சல் பண்ணினாள். என் காதில் விழுந்தது, என் மண்டையில் ஏறவில்லை. வெளிச்சம் போகிறதே என்று பறந்தவனோடு சேர்ந்து நானும் பறந்துகொண்டிருந்தேன்.

கிருத்திகை அன்று அவள் அப்பா மலைக்கு வந்தார். கூட்டத்தில் அவர் மகளுடைய பள்ளிக்கூட வாத்தியார் அவரைப் பார்த்து, "லிஸ்ட்ல உன் பொண்ணு பேரப் பாத்தேனே, சேத்துட்டியா?" என்று கேட்டிருக்கிறார். மனுஷன் சாமி பார்க்காமல் நேராக என் கடைக்கு இறங்கி வந்தார். நெற்றியில் விபூதி, சட்டையெல்லாம் வியர்வை.

"இன்னாம்மா, லிஸ்ட்டு போட்டுப் பத்து நாளாச்சாமே? எங்க பொண்ணு தினமும் பாத்துக்கினுதான இருக்குது?"

கடைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். லாவண்யா, தகப்பன் பெயர், அம்மையார்குப்பம். பெயர் இருந்தது. கீழே, அசல் சான்றிதழ்களோடு இன்று மாலை நான்கு மணிக்குள் நேரில் வர வேண்டும் என்று இருந்தது. இன்று மாலை. மணி அப்போது பதினொன்றரை.

லாவண்யாவுக்குப் போன் போட்டு, சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறச் சொன்னேன். கிருத்திகைக் கூட்டத்தில் பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. மிச்ச தூரத்தை அவள் ஓடி வந்தாள். கார் எதுவும் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் ரோடு முழுக்கக் காவடி, நகர முடியாது. அப்பாவை ஊருக்கு அனுப்பிவிட்டு, நானும் அவளும் ரயிலில் போவது என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு சரி. நெருக்கடியில் நிதானமாக முடிவெடுப்பது எப்படி என்று உங்களுக்கு வகுப்பு எடுப்பார்கள், படம் போட்டுக் காட்டுவார்கள். அன்றைக்கு நான் எடுத்த முடிவு ஒன்றுகூடத் தப்பில்லை. கெடுக்க வேண்டியதை முன்னாலேயே கெடுத்துவிட்ட பிறகு சரியாக முடிவெடுத்து என்ன பிரயோஜனம்?

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் போர்டு. அந்த வாரம்தான் வைத்திருந்தார்கள். ஆள் உயரத்துக்கு லாவண்யா, நீலச் சுடிதார், கனகாம்பரம். "உலகமே என் கையில், இலவசமா!" என்று மேலே. "காசு கேட்டா கேன்சல்" என்று கீழே. அவள் அதை முதல் தடவையாகப் பார்க்கிறாள். அத்தனை அவசரத்திலும் ஒரு நொடி நின்றுவிட்டாள்.

"அக்கா, நான்!" என்று சிரித்தாள்.

"நடம்மா" என்றேன்.

ரயில் அரக்கோணம் வரை நன்றாகத்தான் போனது. மணவூரில் நின்றது. ஏதோ எக்ஸ்பிரஸ்ஸுக்கு வழிவிட வேண்டுமாம். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், கால் மணி. லாவண்யா பிளாஸ்டிக் கவரை மடியில் வைத்துக்கொண்டு சர்டிபிகேட்டை ஒவ்வொன்றாக எண்ணினாள், மறுபடி எண்ணினாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார்.

"நாலு மணிக்கு மேல வெயிட்டிங் லிஸ்ட்டைக் கூப்பிட்டுடணும்மா. அவங்களும் காலைலேருந்து உக்காந்திருக்காங்க."

"வந்துகினே இருக்கோம்மா. மணவூர்ல நிக்கறோம். கொஞ்சம் தயவு பண்ணுங்க."

"முடிஞ்சவரைக்கும் பாக்கறேன். சீக்கிரம் வாங்க."

முருகா, ஒரு சிக்னலைப் போடு என்று வாய்விட்டே சொன்னேன். போட்டபோது மூன்றரை.

நாங்கள் ஆஸ்பத்திரிப் படி ஏறியபோது ஐந்தாகப் பத்து நிமிஷம். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நாலரை வரைக்கும் வெச்சிருந்தேம்மா" என்றார். எதிர் பெஞ்சில் ஒரு பெண் புது ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள், அவள் அம்மா பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரிடம் சண்டை போடுவது? அந்தப் பெண்ணிடமா? அரை மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்த அம்மாளிடமா?

அவர்தான் கேட்டார். "பத்து நாளா வெப்சைட்ல இருக்கேம்மா. தினமும் பாக்கணும்னு ஃபாரத்துலயே போட்டிருக்கோமே, பாக்கலையா?"

லாவண்யா சொன்னாள். "தினமும் பாத்தேன் மேடம். ரெண்டு வேளையும் பாத்தேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திரும்புகிற ரயிலில் திருவள்ளூர் வரை லாவண்யா சர்டிபிகேட் கவரை மடியிலேயே வைத்திருந்தாள். அப்புறம் கேட்டாள். "அக்கா, அன்னிக்கு உங்க போன்ல ஃபிரீயா வந்துச்சே. என் போன்ல மட்டும் ஏன்கா காசு கேட்டுச்சு?"

"கம்பெனிக்காரன் நடுவுல மாத்திட்டான் போலம்மா. எனக்கும் தெரியல."

"ஆங், அப்படித்தான் இருக்கும். நீங்க இன்னா பண்ணுவீங்க பாவம். எனக்காவ இவ்ளோ தூரம் வந்தீங்க." என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். அந்த போர்டை எடுத்துவிடுங்கள் என்றேன். "சீட்டு கிடைச்சுதுன்னு போர்டுல போட்டிருக்கமா மேடம்? இல்லையே. சிரிக்கிறாங்க, அவ்ளோதான்" என்றான். சரி, இனிமேல் கூட்டத்தில் எதெல்லாம் இலவசத்தில் வராது என்று ஒரு வரி சேர்த்துச் சொல்கிறேன் என்றேன். "எது வராதுன்னு சொல்லி எவனாவது விப்பானா?" என்றான். இதைக் கேட்டுவிட்டு நான் வேலையை விட்டேன் என்று நினைக்கிறீர்களா? அட போங்கப்பா. அடுத்த மாதம் கரண்ட் நிறுத்துகிற நாளில் வேறு ஊரில் நின்று "காசு கேட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஷீல்டு கொடுத்தார்கள், மயில் படம் போட்டது. வாங்கிக்கொண்டேன். வீட்டில் டி.வி. மேல் ரொம்ப நாள் இருந்தது.

கொஞ்ச காலத்தில் இப்படிச் சில இடங்களை மட்டும் இலவசமாகத் திறந்துவிட்டு மற்றதற்குக் காசு வாங்குவது கூடாது என்று தடை வந்துவிட்டது. திட்டம் போனது, போர்டு போகவில்லை. கழற்ற ஆள் அனுப்பச் செலவாகும் என்று விட்டுவிட்டார்கள்.

தை மாதம் லாவண்யாவுக்கு மலைக்கோயிலில் கல்யாணம். எனக்கும் பத்திரிகை வந்தது, போனேன். கல்யாணம் முடிந்து எல்லாரும் இறங்கி வந்தபோது மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அந்த போர்டைப் பார்த்துவிட்டார்கள். "நம்ம பொண்ணு போர்டுலயே இருக்குது பாருடா!" என்று ஒரே குஷி. மாலையோடு இரண்டு பேரையும் அதற்குக் கீழே நிறுத்தி போட்டோ எடுத்தார்கள். அவள் அப்பா என்னைக் கைகாட்டி, "அம்மாதான் இதுல போட வெச்சாங்க" என்று பெருமையாகச் சொன்னார். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள், நின்றேன். நகரியில் ஏதோ ஒரு வீட்டுச் சுவரில் நான் அந்தப் போட்டோவில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். நகரி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். பாவா நல்லபடியாகத்தான் வைத்திருக்கிறானாம், ஆறு தறி ஆகியிருக்கிறதாம். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை லேபிலிருந்து போனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "தொறக்கவே மாட்டேங்குதுக்கா" என்று போனைக் காட்டினாள். என் முன்னாலேயே ஒரு தடவை அமுக்கினாள். நடுவில் ஏதோ ஒரு கேள்வி வந்தது. காசு ஒன்றும் கேட்கவில்லை, சும்மா அனுமதி கேட்டது. படிக்கக்கூட இல்லை, அவள் கட்டைவிரல் தானாகப் போய்க் கேன்சலை அமுக்கியது.

இத்தனை வருஷம் கழித்தும் நான் கற்றுக்கொடுத்தது அந்த விரலில் அப்படியே இருந்தது.

நான் போனை வாங்கித் திறந்து கொடுத்தேன். அவள் பார்த்தாள். "ஹீமோகுளோபின் எட்டு. கம்மிதான்கா. பிளேட்லெட் பரவால்ல. வெள்ள அணு ஏறியிருக்குது, எங்கியோ இன்ஃபெக்‌ஷன் இருக்கும்" என்றாள். ஒவ்வொரு வரியாக, யாரும் சொல்லித்தராமல், தானாகப் படித்துத் தெரிந்துகொண்டது. அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பஸ் வந்துவிட்டது. பஸ் வந்தது ஒரு சாக்குதான், அது ஐந்து நிமிஷம் நின்றது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக, "வரேன்கா" என்றாள். "போய்ட்டு வாம்மா" என்றேன்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். எனக்குத் தெரியும். அன்றைக்குக் காலையில், அம்மையார்குப்பம் கிளம்புவதற்கு முன்னால், அந்த டெமோ போனுக்கு முழு நெட் பேக் போட்டது வேறு யாரும் இல்லை, நான்தான். என் கடையில் உட்கார்ந்து, என் கையால் போட்டேன். "ஃபிரீயாவாக்கா?" என்று அவள் கேட்டபோது அது எனக்கு நினைவு வந்தது. நன்றாக நினைவு வந்தது. "இரும்மா, உன் போன்ல போட்டுப் பாக்கலாம்" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் கரண்ட் வந்துவிட்டது, தறி ஓட ஆரம்பித்துவிட்டது, பாதி ஃபாரம் பாக்கி இருந்தது. ஆமாம்மா, ஃபிரீதான் என்றேன்.

நீங்கள் விற்கப்போவதும் இலவசம்தான். அந்தத் தடையில் மாட்டாதபடி பெயர் வேறு, நோட்டீஸ் வேறு, ஏழெட்டு ஆப் சும்மா வரும், மற்றது வராது. விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, உங்களுக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. இப்போது வந்து ஆளுக்கொரு டெமோ போனை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்ததும் முதல் வேலையாக, அதிலிருக்கிற சிம்மைக் கழற்றி இந்தத் தட்டில் போடுங்கள். ஊரில் போய் நின்றதும், எதிரில் உட்கார்ந்திருக்கிறவர் போனை வாங்கி, அதில் காட்டுங்கள். திறக்கவில்லை என்றால் திறக்கவில்லை என்று அவர் கண் முன்னால் தெரியட்டும். பின்னால் உங்கள் மேனேஜர் கூடாது கூடாது என்று தலையை ஆட்டுகிறார், நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

யார் முதலில் வருகிறீர்கள்?